கட்டிலை விரித்தது யார்?

பலெர்மோவில் எங்கள் வீடு போர்கோ வெக்கியோவில், துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கிறது. தெருமுனையில் வானம் தெரியவேண்டிய இடத்தில் வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவை உல்லாசக் கப்பல் வந்து நிற்கும். காலையில் பல்லு விளக்கிக்கொண்டு பல்கனிக்கு வந்தால் வானத்தைக் காணக் கிடைக்காது. அடுக்கடுக்காக ஜன்னல்தான். இருபத்திரண்டு வருஷமாக அதைப் பார்த்து நான் யோசித்தது ஒன்றே ஒன்று: இவ்வளவு ஜன்னலையும் ஆர் துடைக்கிறது?

தொழில் அப்படி. நான் பொலித்தேயாமாப் பக்கம் ஒரு பணக்காரச் சிஞ்ஞோரா அம்மாவின் வீட்டில் வேலை. பளிங்குத் தரை துடைப்பேன், வெள்ளிக் கரண்டிகளை மினுக்குவேன், ஐந்து கட்டில் விரிப்பேன். என் மனைவிக்கு இரண்டு வீடு. அவளும் இதே வேலைதான், ஆனால் என்னைவிடத் திறம். அதை அவளே சொல்லுவாள்.

எங்கள் கலியாணத்துக்கு இருபத்தைந்து வருஷம் ஆனபோது மகள் ஐந்து நாள் கப்பல் பயணத்துக்குப் பதிவு செய்துவிட்டு வந்து நின்றாள். பலெர்மோவில் ஏறி, நாப்போலி, மார்செய், கல்யாரி பார்த்து, பலெர்மோவிலேயே இறங்குவது. நான் சந்தோஷத்தில் பேச்சற்றுப் போனேன் என்று அவள் நினைத்தாள். அது பயம். கோயிலில் என்னைப் பகிடிக்காரன் என்பார்கள். பகிடி விடுகிறவன் உள்ளுக்குள் உதறிக்கொண்டு நிற்கிறான் என்பது மனைவிக்கு மட்டும் தெரிந்த சங்கதி.

ஞாயிற்றுப் பூசை முடிந்து வெளியே வந்தபோது ஒரு சிநேகிதன் பிடித்துக்கொண்டான்.

"மச்சான், ஒருக்காக் கள்ளமாய்க் கப்பலிலை வந்தது காணாதோ? இப்ப ரிக்கெற் எடுத்து வேறை போறியோ?"

"அப்ப அடித்தட்டு, இப்ப ஒன்பதாம் தட்டு. பதவி உயர்வடா," என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நான் நேரே வீட்டுக்குப் போய் அலுமாரியைத் திறந்தேன்.

பயத்துக்கு எனக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான்: நீல பிளாஸ்ரிக் பைல். கடவுச்சீட்டு, இத்தாலியில் இருக்க விடுகிற பெர்மெஸ்ஸோ, குடியிருப்புப் பத்திரம், சம்பளத் துண்டுகள், மன்னார்ப் பங்குக் கோயிலில் எழுதித் தந்த விவாகப் பத்திரம், தடுப்பூசி அட்டை, போன மாதத்துக் காஸ் பில். குவெஸ்தூரா என்கிற பொலிஸ் கந்தோர் வாசலில் விடியமுன்னம் போய் வரிசையில் நின்று பழகியவனுக்குத் தெரியும், உள்ளே இருப்பவர் கேட்பது எப்போதும் நாங்கள் வீட்டில் விட்டுவந்த பேப்பரைத்தான்.

"அப்பா, ட்ராங்க்வில்லோ, பதறாதேங்கோ!" என்றாள் மகள். அவளுடைய இத்தாலியத்தில் சிசிலிக்காரரின் இழுவை இருக்கும். "காஸ் பில்லை ஆரப்பா கேக்கப் போறாங்கள்?"

"கேட்டால்?"

மனைவி தன் பங்குக்குத் துணிமணிக்கு நடுவில் இரண்டு துடைக்கிற துணியும் கண்ணாடி மினுக்க ஒரு சின்னப் போத்தல் வினாகிரியும் வைத்தாள்.

"இது என்னத்துக்கு?"

"வெளியிடமெல்லோ. எப்பிடி வைச்சிருப்பாங்களோ ஆர் கண்டது."

துறைமுகத்தில் ஒரு இளந்தாரி எங்கள் கடவுச்சீட்டையும் பெர்மெஸ்ஸோவையும் பார்த்து, முகத்தைப் படம் எடுத்து, ஒரு அட்டையைத் தந்து, நல்ல பயணம் என்றான். அவ்வளவுதான். எனக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது. பைலை நான் திறக்கவே இல்லை.

கப்பல் புறப்படும்போது மேல்தட்டில் எல்லாரும் மலையையும் கடலையும் படம் எடுத்தார்கள். நாங்கள் எங்கள் பல்கனியைத் தேடினோம். இவ்வளவு காலமும் அங்கேயிருந்து இங்கே பார்த்தோம், இப்போது இங்கேயிருந்து அங்கே.

"இஞ்சேருங்கோ," என்றாள் மனைவி. "உங்கடை சாரம் கொடியிலை கிடக்கு."

கிடந்தது. வீட்டில் இடுப்பில் கட்டுகிற நீலக்கோட்டுச் சாரம், பலெர்மோவின் கொடிபோல ஆடிக்கொண்டு நின்றது. "மழை வந்தால்?" என்றாள். கப்பலை நிறுத்தச் சொல்லிக் கேட்கவா என்றேன். ஒரு கணம் அவள் யோசித்தாள்.

மறுநாள் விடிய ஐந்தரைக்கு இருவருமே எழும்பிவிட்டோம். பழக்கம். அறையில் வைத்திருந்த தாளில், பணியாளர் ஒன்பது மணிக்கு வந்து துப்பரவு செய்வார் என்று போட்டிருந்தது. மனைவி அதை வாசித்தாள். பிறகு கட்டிலைப் பார்த்தாள். கசங்கிய விரிப்பு, என் பக்கத்துத் தலையணை நிலத்தில்.

"ஆரோ ஒரு பிள்ளை வந்து பாக்கேக்கை இப்பிடியே கிடக்கிறது? எங்களைப் பற்றி என்ன நினைக்கும்?"

இந்தக் கேள்வியின் பாரம் எனக்கு விளங்கியது. இருபது வருஷமாக நாங்கள் பின்னேரங்களில் தேத்தண்ணியோடு இருந்து கதைப்பதே அதைத்தான். எந்த சிஞ்ஞோரா துவாயை எங்கே எறிகிறாள், எந்த வீட்டு மகன் தோடம்பழத் தோலைக் கட்டிலுக்குக் கீழே தள்ளுகிறான். படுக்கையறையை ஒருதரம் பார்த்தால் அந்த வீட்டுச் சாதகத்தையே எழுதித் தந்துவிடுவோம். எங்கள் சாதகத்தை இன்னொருத்தன் எழுத விடலாமா?

ஆகவே விரித்தோம். சிஞ்ஞோரா வீட்டு முறை. மேல்விரிப்பைப் போர்வைக்கு மேலே ஒரு சாண் மடித்து விடுவது, மூலைகளை உறைபோல மடித்து உள்ளே செருகுவது, தலையணையை நிமிர்த்தி வைத்து நடுவில் கையால் ஒரு வெட்டு வெட்டுவது. மனைவி கண்ணாடிக்கு வினாகிரி போட்டாள். குளியலறைத் தரையை நான் துடைத்தேன். ஒன்பதுக்கு ஐந்து நிமிஷம் இருக்கக் களவெடுத்தவர்கள்போல வெளியே ஓடினோம்.

அன்றைக்கு நாப்போலி. இறங்கிப் பார்த்தோம் என்றுதான் ஊரில் சொல்லியிருக்கிறேன். உண்மையில், கப்பலின் புகைபோக்கி கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்கு அப்பால் நான் ஒரு அடி வைக்கவில்லை. விட்டுவிட்டுப் போய்விட்டால்? ஒரு கோட்டை பார்த்தோம், அதுவும் புகைபோக்கிக்குப் பக்கத்தில் இருந்தபடியால். பிறகு ஒரு கோப்பி குடித்தோம். கோப்பி குடிக்கும்போதும் திரும்பித் திரும்பிப் பார்த்ததில் பாதியைச் சேட்டில் ஊற்றிக்கொண்டேன்.

அறைக்குத் திரும்பினால் கட்டிலில் துவாயை மடித்துச் செய்த ஒரு யானை நின்றது.

"பாவம்," என்றாள் மனைவி. "செய்யிறதுக்கு ஒண்டும் கிடைக்கேல்லைப் போலை."

இவ்வளவு பாடுபட்டுச் செய்ததை எப்படிக் குலைப்பது? யானையை மேசையில் வைத்துவிட்டு, குளித்ததும் நான் கொண்டுவந்த மற்றச் சாரத்தால் துடைத்துக்கொண்டோம். அடுத்த நாள் காலையிலும் அதே கட்டில், அதே வினாகிரி, அதே ஓட்டம்.

அந்த மூன்றாம் நாள் மத்தியானம் கப்பல் மார்செய்யில் கட்டியது. இறங்குவதற்குச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போது அறைத் தொலைபேசி அடித்தது. இத்தாலியத்தில் ஒரு பெண்குரல். அறைப்பணிகளுக்குப் பொறுப்பானவர். உங்கள் அறை பற்றி ஒரு சிறிய விஷயம், ஒரு நிமிஷம் அலுவலகத்துக்கு வரமுடியுமா?

சிறிய விஷயம்! எனக்கு நடந்த பெரிய விஷயங்கள் எல்லாம் அப்படித்தான் தொடங்கின.

"நீங்கள் சாப்பாட்டு மண்டபத்திலை வாழைப்பழம் எடுத்ததுதான்," என்றாள் மனைவி.

"எடுத்தது நான். கைப்பைக்குள்ளை வைச்சது நீர்."

"மூண்டு பழத்துக்கே?"

"வினாகிரியாயும் இருக்கலாம். நெருப்புப் பிடிக்கிற சாமான் எண்டு நினைச்சிருப்பாங்கள்."

பைலை எடுத்துக்கொண்டு போனேன். போகும் வழியில் மனதுக்குள், மூன்று வாழைப்பழத்துக்காகப் பெர்மெஸ்ஸோவைப் பறித்து, நடுக்கடலில் ஒரு சின்ன வள்ளத்தில் என்னை இறக்கி விடுகிறார்கள். மகள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வள்ளம் பிடித்துத் தேடி வருகிறாள். ஏழு தட்டும் படியால் இறங்குவதற்குள் இதெல்லாம் நடந்து முடிந்துவிட்டது. மின்தூக்கியில் போயிருந்தால் கற்பனை பாதியில் நின்றிருக்கும்.

அந்த அம்மாவுக்கு என் வயது இருக்கும். மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டியிருந்தார். அவர் இருக்கச் சொல்லுமுன் நான் இருந்து, கேட்கமுன் பைலைத் திறந்து, ஒவ்வொன்றாக மேசையில் பரப்பினேன். அவர் மரியாதைக்காகக் காஸ் பில்லைக் கொஞ்ச நேரம் வாசித்தார்.

"சிஞ்ஞோரே, இதெல்லாம் வேண்டாம். ஒரே ஒரு கேள்விதான். உங்கள் கட்டிலை விரிப்பது யார்?"

நாங்கள்தான் என்று சொன்னால், அப்படியென்றால் பணியாளர் என்ன செய்தார் என்று கேட்பார். அந்த முகம் தெரியாத பிள்ளைக்கு ஏச்சு விழும். முதலாளிக்கு முன்னால் இன்னொரு வேலையாளைக் காட்டிக் கொடுக்கக்கூடாது என்பது நான் இத்தனை வருஷமும் மீறாத ஒரே சட்டம். மற்றப்பக்கத்தில், கப்பல் கட்டிலைப் பயணி தொடுவது குற்றமோ என்றும் ஒரு சந்தேகம்.

"உங்கள் பணியாளர்தான், சிஞ்ஞோரா. நாள் தவறாமல், சரியாக ஒன்பது மணிக்கு. கண்ணாடியைக்கூட எப்படித் துடைக்கிறார்! அருமையான பிள்ளை."

அந்தப் பிள்ளையை நான் கண்ணால் கண்டதில்லை. அந்த அம்மா எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு நன்றி சொன்னார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தேன். ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிய நினைப்பு.

அறைவாசலில் மனைவியிடம் அதைச் சொல்லிப் பெருமையடித்துக்கொண்டிருந்தபோது, துவாய்கள் அடுக்கிய தள்ளுவண்டி ஒன்று எங்களுக்குப் பக்கத்தில் நின்றது. தள்ளி வந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். சட்டையில் குத்தியிருந்த தகட்டில் இந்தியா என்றிருந்தது.

"நீங்க தமிழா?" என்றார். "அண்ணே, இந்த ரூமு நீங்கதானா?"

"ஓம் தம்பி. நீங்கள்?"

"தூத்துக்குடிண்ணே. இந்த வரிச பூரா நாந்தான் பாக்கேன்." அவர் குரலைத் தாழ்த்தினார். "ரெண்டு நாளா உங்க கட்டில நான் தொடவே இல்ல. உள்ள வந்தா எல்லாம் பளபளன்னு கெடக்கு. இன்னைக்குக் காலைல மேடம் செக் பண்ண வந்துச்சு. இது நம்ம மடிப்பு இல்லையே, கண்ணாடில நம்ம மருந்து வாசனையும் இல்லையே, யார விட்டு வேல பாக்கன்னு கேட்டுச்சு. நான் உள்ளதச் சொன்னேன், பாசஞ்சரே பண்ணி வெச்சிருக்காவன்னு. நம்பல. அவங்களையே கூப்ட்டுக் கேளுங்கன்னுட்டேன்." அவர் சிரித்தார். "கேட்டுச்சா? என்னண்ணே சொன்னிய?"

நான் துவாய்களைப் பார்த்தேன். நல்ல வெள்ளைத் துவாய்கள்.

"நீங்கள்தான் செய்ததெண்டு சொன்னன்."

அவர் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டார்.

"சோலி முடிஞ்சுது," என்றார் கடைசியில். "இப்ப நான் சொன்னது பொய்யாயிருச்சுல்லா. தன் ரூம வேற ஆளுக்கு விட்டா வீட்டுக்கு அனுப்பிருவாங்கண்ணே. இந்த மாசத்தோட எனக்கு காண்ட்ராக்ட் முடியுது. அடுத்ததுக்கு அந்த அம்மாதான் கையெழுத்துப் போடணும். ஒம்போது வருசமா கப்பல்ல ஓடுதேன், பொய் சொன்னான்னு ஒருத்தர்ட்டயும் பேரு வாங்குனதில்ல."

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் ஏசவில்லை. மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"பயத்திலை சொல்லிப்போட்டன்," என்றேன்.

"பயந்தால் சனம் வாயை மூடிக்கொண்டிருக்கும். நீங்கள் மட்டும்தான் பயந்தால் கதைக்கிறது."

மார்செய் எப்படி என்று கேட்பவர்களுக்கு: ஒரு பாரந்தூக்கியும் ஒரு கடற்பறவையும். ஜன்னலால் தெரிந்தது அவ்வளவுதான். மற்றவர்கள் எல்லாரும் இறங்கி பஸ் ஏறிக்கொண்டிருக்க, நாங்கள் மூன்று பேரும் அலுவலகத்துக்கு இறங்கினோம். நான் பைலை எடுத்தேன்; மனைவி பிடுங்கிக் கட்டிலில் போட்டாள். அவள் எடுத்துக்கொண்டது வினாகிரிப் போத்தலை.

நான் உண்மையைச் சொன்னேன். பொய்யைச் சொன்ன வேகத்தில் உண்மை வரவில்லை, திக்கித் திக்கித்தான் வந்தது. அந்த அம்மா கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"சற்று முன் ஒன்று சொன்னீர்கள், இப்போது வேறொன்று சொல்கிறீர்கள். இரண்டுக்கும் நடுவில் இவர் உங்களைச் சந்தித்திருக்கிறார். நான் எதை நம்புவது? விடுமுறைக்கு வந்த ஒருவர் தன் கட்டிலைத் தானே விரித்து, கண்ணாடி துடைத்து, தரையும் துடைத்து நான் இதுவரை கண்டதில்லை."

அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. நான் அந்தக் கதிரையில் இருந்திருந்தாலும் என்னை நம்பியிருக்க மாட்டேன். ஏதாவது ஒரு பகிடி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

மனைவி எழுந்தாள். அவளுடைய இத்தாலியம் வேலைக்குப் போகும் வீடுகளில் கற்றது. அலங்காரம் இல்லை, ஆனால் நேரே போய் நிற்கும்.

"சிஞ்ஞோரா, மேலே வாருங்கள். கட்டிலைக் கலைத்துத் தாருங்கள்."

வந்தார். அறைக்குள் நின்று, மூக்குக்கண்ணாடியை மாட்டி, இரண்டு கையாலும் விரிப்பைப் பற்றி ஒரே இழுவை. போர்வை ஒரு பக்கம், தலையணைகள் ஒரு பக்கம். எத்தனையோ வருஷமாகச் செய்ய ஆசைப்பட்டதைச் செய்ததுபோல் இருந்தது அவர் முகம். தம்பி வாசலில் ஒரு துவாயை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார்.

நாங்கள் தொடங்கினோம். எங்கள் இருபத்தைந்து வருஷத்தில் சண்டை பிடிக்காமல் செய்யக்கூடிய காரியம் இது ஒன்றுதான். அவள் விரிப்பை உதறி எறிய, அது காற்றுப் பிடித்து எழும்பி இறங்கும்போது மற்றப்பக்கத்தில் என் கை அதன் விளிம்பில் இருந்தது. மூலை, மடிப்பு, செருகல். ஒரு சாண் திருப்பு. தலையணை, தட்டு, வெட்டு. பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. கை வேலை செய்யும்போது அது என்னோடு நிற்பதில்லை. நான்கு நிமிஷம் போயிராது. அவள் வினாகிரியைத் துணியில் ஊற்றிக் கண்ணாடியை மேலிருந்து கீழே இழுத்து முடித்துவிட்டு, ஒரு பக்கமாக விலகி நின்றாள்.

அந்த அம்மா குனிந்து கண்ணாடியை மணந்து பார்த்தார். பிறகு தன் போனை எடுத்து, காலையில் பிடித்த படத்தைக் கட்டில் மூலையோடு ஒப்பிட்டார். படத்திலும் அதே மூலை, அதே மடிப்பு. தலையணையில் விழுந்த வெட்டுக்கூட ஒரே கோணம்.

"ஏன்?" என்று கேட்டார். கோபமாக அல்ல, உண்மையிலேயே விளங்காமல்.

"வருகிறவர் எங்களைப் பற்றி என்ன நினைப்பாரோ என்றுதான், சிஞ்ஞோரா," என்றாள் மனைவி.

அவர் தம்பியைப் பார்த்தார். தம்பி துவாயைப் பார்த்தார். அந்த அம்மா கொப்பியில் ஒரு வரியை வெட்டிவிட்டு இன்னொன்றை எழுதி, என்னிடம் கையெழுத்துக் கேட்டார். முதலில் நான் சொன்னது உண்மையல்ல என்று எழுதியிருந்தது. இத்தாலிக்கு வந்த நாள்முதல் எத்தனையோ தாள்களில், இதில் உள்ளதெல்லாம் உண்மை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பொய் என்று போட்டது இது ஒன்றுதான். மற்றவற்றைப் பற்றிக் கேட்கவேண்டாம்.

பிறகு உத்தரவு போட்டார். பலெர்மோ போகும்வரை இந்த அறையில் நாங்கள் ஒன்றையும் துப்பரவாக்கக் கூடாது. அது தம்பியின் வேலை. வாசல் வரைக்கும் போனவர் திரும்பி வந்து, மனைவியிடம் மெதுவாக ஏதோ கேட்டார். அந்த மூலை மடிப்பு வழுக்காமல் நிற்பது எப்படி என்று. மனைவி இன்னொருதரம் மெதுவாகச் செய்து காட்டினாள். அவர் கையைப் பிடித்தும் காட்டினாள்.

நான்காம் நாள் காலையை நான் மறக்கமாட்டேன். கட்டிலை அப்படியே விட்டுவிட்டு எழும்பினோம். விரிப்பு கசங்கிக் கிடந்தது. குளியலறையில் ஈரத் துவாய்கள், தரையில், எங்கள் கையால் போட்டவை. மனைவி அந்தப் பக்கம் பார்க்காமல் தலை சீவினாள். ஒன்பது மணிக்குத் தம்பி வந்து வேலையைத் தொடங்க, அவள் வாசலில் நின்று, "தம்பி, அந்தத் தலைகணியை ஒருக்காத் தட்டிப்போட்டு..." என்று ஆரம்பித்தாள். கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

மத்தியானத்துக்குப் பிறகு கல்யாரி. ஏறி ஏறி ஒரு மேட்டுத் தெருவுக்குப் போய், ஒரு மரத்தடியில் மூன்று வாழைப்பழத்தில் மிஞ்சிய ஒன்றைப் பங்குபோட்டுச் சாப்பிட்டோம். தம்பியின் காண்ட்ராக்ட் என்னவாகும் என்று கதைத்துக்கொண்டே நடந்ததில், திரும்பிப் பார்த்தபோதுதான் கவனித்தேன்: புகைபோக்கியைக் காணவில்லை! மனைவியையும் இழுத்துக்கொண்டு ஓடிய ஓட்டத்தில் கப்பலுக்கு இரண்டு மணி நேரம் முந்தி வந்து சேர்ந்தோம்.

ஐந்தாம் நாள் விடிய பலெர்மோ. மலை, பாரந்தூக்கிகள், எங்கள் தெரு. கொடியில் சாரம் இன்னும் ஆடிக்கொண்டு நின்றது. எட்டு மணிக்கு அறையை விட்டு வெளியேறவேண்டும். நடைகூடத்தில் தம்பி தள்ளுவண்டியோடு காத்து நின்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

"அண்ணே, அம்மா கையெழுத்துப் போட்டுருச்சு!"

நான் அவரைக் கட்டிப்பிடித்தேன். மனைவி மாதாவுக்கு நன்றி சொன்னாள்.

"ஆனா அக்கா," என்றார் அவர், அவள் பக்கம் திரும்பி, "இன்னைலேர்ந்து நம்ம வரிச பூரா உங்க மடிப்புத்தான் மடிக்கணுமாம். பதினாறு ரூமுக்கா. ஒரு சாண் திருப்பணும், தலவாணில வெட்டு வேற. எனக்கு இடுப்பு என்னத்துக்காகும்?"

"பழகினால் சுகம், தம்பி," என்றாள் அவள். சொல்லும்போது முகத்தில் எத்தனை வெளிச்சம்.

மின்தூக்கி வரைக்கும் போனபிறகு, மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டேன் என்று அவள் திரும்பிப் போனாள். நேரம் போனது. நானும் பின்னால் போனேன். அறைக்குள் அவள் கைகளைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு, கலைந்த கட்டிலைப் பார்த்தபடி நின்றாள். மூக்குக்கண்ணாடி அவள் மூக்கிலேயே இருந்தது.

"ஒண்டையும் தொடேல்லை," என்றாள். "சும்மா பாக்கத்தான் வந்தனான்."

நம்பினேன். வெளியே வருமுன், துறைமுகத்தில் மகளும் சனங்களும் நிற்பார்களே என்று தலைமயிரைச் சரிசெய்யக் கண்ணாடிக்குக் கிட்டப் போனேன். வினாகிரி மணத்தது.